பாஸ்டர் வாயால் ஒரு வார்த்தை

நொய்க்கஞ்சி வைக்கப் பொறுமை வேண்டும். தீயைக் கூட்டினால் அடியில் பிடித்துக்கொள்ளும். அந்த வாடை நமக்குத் தெரியாவிட்டாலும் படுத்துக் கிடக்கிறவனுக்குத் தெரியும். முதல் வாயிலேயே துப்பிவிடுவான். நான் வைத்த கஞ்சியைப் பாஸ்டர் மேக்ஸ்வெல் ஒருநாளும் துப்பியதில்லை. அவர் சம்சாரம் ஜெயசீலி வெளியேதான் உட்கார்ந்திருக்கிறாள், வேண்டுமானால் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அம்மா, அவரை நான் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டேன். முதுகில் புண் வராமல் புரட்டிப் போட்டேன். மலச்சட்டி எடுத்தேன். முகம் வழித்துவிட்டேன். கூடப்பிறந்தவன்கூட இவ்வளவு செய்யமாட்டான் என்று நெமிலிச்சேரி சபையில் எல்லாரும் பேசிக்கொண்டார்கள். அது உண்மை. அவருக்குக் கூடப்பிறந்தவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள், வந்து பழம் வைத்துவிட்டுப் போனார்கள்.

உங்கள் பெயர் கிருஷ்ணப்பிரியா என்று காக்கிச் சட்டையில் குத்தியிருப்பதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டேன். என் படிப்பு அத்தோடு சரி. அதனால் ரைட்டர் ஐயா எழுதுவதைக் கடைசியில் ஒருதரம் உரக்கப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். சந்தேகப்படுகிறேன் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். சந்தேகம்தான் படுகிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறையில் ஆயுசைக் கழித்தவன் நான். மேஸ்திரி சொன்ன அளவைக்கூட நானே ஒருதரம் அளந்து பார்க்காமல் இரும்பில் கை வைத்ததில்லை. ரேஷன் கடைத் தராசு, கரண்ட் மீட்டர், ஸ்கேன் சென்டர்க்காரன் கொடுக்கும் படம், எதையும் நம்பியதில்லை.

எங்கள் வீட்டில் நம்புகிற வேலையை என் பெண்சாதி ஹெலினா பார்த்துக்கொண்டாள்.

நாங்கள் இரண்டு பேரும் பிறப்பால் கத்தோலிக்கர்கள். எனக்குக் கோயில் என்றால் கல்யாணம், சாவு, கிறிஸ்துமஸ் பிரியாணி. அவளுக்கு அது போதவில்லை. சாமியார் பூசையை மணி பார்த்து முடிக்கிறார் என்று குறைப்பட்டுக்கொண்டு, பாஸ்டர் மேக்ஸ்வெலின் தகரக் கொட்டகைக்குப் போக ஆரம்பித்தாள். அங்கே யாரும் கடிகாரம் பார்ப்பதில்லை. போய்விட்டு வந்தால் தொண்டை கட்டியிருக்கும், முகம் மட்டும் குளித்தது போல இருக்கும். போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவளுக்கு மார்பில் வந்த கட்டி எலும்புக்கு இறங்கியது. இனி ஆஸ்பத்திரியில் செய்ய ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கே வந்து பார்க்கிற நர்ஸ் ஒருத்தி, நாகவல்லி என்று பெயர், வலிக்கென்றே ஒரு மாத்திரை கொடுத்தாள். சின்ன வெள்ளை மாத்திரை. 'இதப் போட்டா கண்ண மூடித் தூங்குவாங்க தாத்தா' என்றாள். ஹெலினா தூங்கவில்லை. ராத்திரி பகல் எல்லாம் முனகல். இந்த மருந்தும் போலி என்றுதான் நினைத்தேன். ஒருநாள் தலையணை உறையைத் துவைக்க உருவினேன். பாதி கரைந்த மாத்திரைகள் பொலபொலவென்று உதிர்ந்தன.

"இன்னா இது?"

"மாத்திர."

"மாத்திரன்னு எனக்கும் தெரியும். வயித்துக்குள்ள போவ வேண்டியது தலகாணிக்குள்ள இன்னா பண்ணுது?"

"யோவ், கத்தாத. பாஸ்டர் வந்து சொன்னாருய்யா. கர்த்தர் என்னியப் பொன்னு மாதிரி புடம் போட்டுனு கீறாராம். மாத்திரயப் போட்டு மயங்கிக் கெடந்தா அது பாதில நின்னுபூடுமாம். இந்த வலிக்கு ஒரு நோக்கம் கீதாம்."

"இன்னா நோக்கம்?"

"அது அங்க போனாதான் தெரியும்."

"நீ போயிருவ, தெரிஞ்சிக்குவ. இங்க கீற எனக்கு எவன் வந்து சொல்லுவான்?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் விலா பிடித்துக்கொண்டு தலையணையைக் கடித்தாள். துவைக்க உறையை உருவியிருந்தேன் இல்லையா, பஞ்சு வாயில் வந்தது. ஒவ்வொரு பிசிறாக எடுத்துவிட்டேன்.

வாயைப் பிளந்து மாத்திரையைப் போட்டிருக்கலாம். போடப் போனேன். 'நீ போட்டா துப்ப மாட்டேன், முழுங்கிடுவேன். ஆனா மேல கேட்டா எம் புருசன்தான் கெடுத்தான்னு சொல்வேன்' என்றாள். நான் விட்டுவிட்டேன்.

பிறகு செத்தாள். எப்படி என்று கேட்க வேண்டாம். கடைசி நாட்களில் பக்கத்து வீட்டுக்காரர்கள் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டார்கள் என்று மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்.

பாஸ்டர் மேக்ஸ்வெல் கெட்டவர் இல்லை. சவப்பெட்டிக்கு அவர்தான் ஏற்பாடு செய்தார். குழிமேட்டில் மண் போடும்போது மழை வந்தது, எனக்குக் குடை பிடித்துக்கொண்டு தான் நனைந்தார். அதனால்தான் நினைவுக் கூட்டம் முடிந்து ஜனங்கள் வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தனியாக அவரைக் கேட்டேன். குத்தலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

"பாஸ்டர், நோக்கம் நோக்கம்னு சொன்னீங்களே. அவதான் பூட்டா. இப்ப சொல்லலாமில்ல, இன்னா நோக்கம்?"

அவர் என் தோளில் கை வைத்தார். கண் கலங்கியிருந்தது.

"நீங்கதாண்ணே."

"நானா?"

"உங்களக் கர்த்தரண்ட கொண்டாறதுக்குத்தான் அந்தத் தாய் அவ்ளோ பாடு பட்டாங்க. இல்லாட்டி இன்னிக்கி நீங்க இந்தக் கொட்டகைக்குள்ள காலெடுத்து வெச்சிருப்பீங்களா?"

கொரட்டூர் ஏரியில் தூண்டில் போடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். புழுவைக் கொக்கியில் குத்தினால் துடிக்கும். அந்தத் துடிப்பு மீனுக்காக. புழுவிடம் யாரும் அபிப்பிராயம் கேட்பதில்லை. அந்த மீன் நான் என்றார் பாஸ்டர், வாயோரம் வடைத் துணுக்கோடு, அன்பாக.

யோசித்துப் பாருங்கள் அம்மா. அவர் சொன்னது சரி என்றால் அவளைப் பஞ்சைக் கடிக்க வைத்தது நான். நான் ஒருவன் ஞாயிற்றுக்கிழமை ஒழுங்காகக் கோயிலுக்குப் போயிருந்தால் அவள் தூங்கிக்கொண்டே செத்திருப்பாள். அவர் சொன்னது தப்பு என்றால், அதை அவர் வாயால்தான் நான் கேட்க வேண்டும். 'அண்ணே, அதில் ஒரு நோக்கமும் இல்லை, தெரியாமல் சொல்லிவிட்டேன்.' இந்த ஒரு வார்த்தை. இது கிடைத்தால் ராத்திரி தூங்கலாம். வேறெதற்கும் நான் ஆசைப்படவில்லை. அவர் மேல் எனக்குப் பகை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கிட்டே இருந்தால்தானே கேட்க முடியும். சபையில் சேர்ந்தேன். கொட்டகை மேடைக்கு அடியில் தொட்டி கட்டி வைத்திருக்கிறார்கள், பலகையை நகர்த்தினால் ஞானஸ்நானத்துக்குத் தண்ணீர். குழந்தையில் தலையில் ஊற்றியது செல்லாதாம், மறுபடியும் முழுசாக முக்க வேண்டுமாம். பாஸ்டர் ஒல்லி, நான் கனம். தண்ணீரில் முக்கினவரால் தூக்க முடியவில்லை. பழைய ஆதாம் சாகிறான் என்று ஜனங்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் புது ஆளும் சேர்ந்து செத்திருப்பான். சபைக் காரியதரிசி பாண்டியன் பேன்ட்டோடு இறங்கி இன்னொரு கையைப் பிடித்துத் தூக்கினான். நான் இருமிக்கொண்டே வெளியே வந்தேன். "ஹெலினா சிஸ்டர் பட்ட பாடு கனி குடுத்துருச்சு!" என்று பாஸ்டர் மைக்கில் சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

அதன் பிறகு வாரா வாரம் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். போர்வெல் தண்ணீர் வற்றினால் நோக்கம் இருந்தது. தண்டவாளத்தில் அடிபட்ட பையனுக்கு நோக்கம் இருந்தது. பாஸ்டருடைய ஸ்கூட்டர் பஞ்சர் ஆனதற்கும் இருந்தது, பஞ்சர் ஆகாமல் போயிருந்தால் முன்னால் லாரி இருந்திருக்குமாம். "அப்ப லாரில அடிபட்டவனுக்கு?" என்றேன். "அவனுக்கு வேற நோக்கம்ணே" என்றார். மளிகைக் கடையில் இல்லாத சாமான் இருக்கும், அவரிடம் இல்லாத நோக்கம் இருக்காது.

இப்படி இருக்கும்போதுதான் அவருக்கு முதுகு வலித்தது. வெளியே சொல்லக்கூடாத இடத்தில் வந்த புற்று, முதுகெலும்பு வரைக்கும் ஏறியிருந்தது. ஜெயசீலி அம்பத்தூரில் எக்ஸ்போர்ட் கம்பெனிக்குத் தைக்கப் போகிறவள். அவள் சம்பளத்தில்தான் வீடு. லீவு போட்டால் ஆளை மாற்றிவிடுவார்கள். யார் பார்த்துக்கொள்வது என்று சபையில் பேச்சு வந்தது. எல்லாரும் ஜெபிப்பதாகச் சொன்னார்கள். நான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னேன்.

ஜெயசீலி என் காலைத் தொட வந்தாள். "அண்ணே, கர்த்தர்தான் உங்கள அனுப்புனாரு" என்றாள். அவள் நல்ல பெண். ஹெலினா படுத்திருந்தபோது வந்து தலைவாரிவிட்டு, 'பொறுத்துக்கோங்கக்கா, மாத்திர வேணாம், நோக்கம் இருக்கு' என்று கையைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டுப் போனவள்தான்.

காலையில் அவள் கம்பெனி வேனில் ஏறினதும் வீட்டில் நானும் அவரும்தான். ஹெலினாவைப் பார்த்த அதே நாகவல்லிதான் இவரையும் வந்து பார்த்தாள். முதல் வாரம் வலி சுமாராக இருந்தது. பாட்டுப் பாடினார். பழைய கதை பேசினார். பிறகு ஒரு காலையில் நெற்றி வேர்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு, "அண்ணே, நாகவல்லி குடுத்த மாத்திர இருக்குதுல்ல, அத எடுங்க" என்றார்.

டப்பாவை எடுத்தேன், மூடியைத் திறக்கவில்லை.

"போட்டுக்குவீங்களா?"

"ஏன்ணே, போட்டுக்கத்தானே குடுத்தாங்க."

"இல்ல, புடம் போடறது பாதில நின்னுபூடுமேன்னு பாத்தேன்."

அவர் என்னைப் பார்த்தார். அவருக்கு நினைவிருந்தது. நான் சத்தியமாகச் சொல்கிறேன், அப்போது மட்டும் அவர் அந்த வார்த்தையைச் சொல்லியிருந்தால் நான் மாத்திரையும் கொடுத்து, அன்றைக்கே முட்டை வாங்கிவந்து பொரித்தும் கொடுத்திருப்பேன்.

"கர்த்தர் டாக்டர் மூலமாவும் கிரிய செய்வாருண்ணே" என்றார். "சிஸ்டருக்கு இருந்தது வேற அழைப்பு."

சரி என்று எடுத்துக் கொடுத்தேன். விழுங்கினார், தூங்கினார். நல்ல மருந்துதான் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். போலி இல்லை.

மறுநாள் கொஞ்சம் தாமதமாகக் கொடுத்தேன். வலி வருவதற்கும் மாத்திரை உள்ளே போவதற்கும் நடுவில் ஒரு இடைவெளி இருக்கிறது, அதில் மனுஷன் கவனமாகப் பேச்சு கேட்பான் என்று கண்டுகொண்டேன். அந்த இடைவெளியில் கேட்டேன். ஸ்தோத்திரம் என்றார். அடுத்த நாள் இடைவெளியைக் கூட்டினேன். அப்படிப் போய்க்கொண்டிருந்தது. பிறகு மாத்திரை கேட்டுக் கத்த ஆரம்பித்தார், அக்கம்பக்கத்தில் கேட்கும், எனக்குக் கெட்ட பெயர். அதனால் வயிற்றுப் புளிப்புக்குப் போடுகிற மாத்திரை, அதுவும் சின்னது, வெள்ளை, அதை டப்பாவில் போட்டு வைத்துவிட்டு வலி மாத்திரையை எடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு நேரத்துக்கு மாத்திரை கொடுத்தேன். ஒருவேளைகூடத் தவறவில்லை. எடுத்த மாத்திரைகளை என் வீட்டில்தான் வைத்திருந்தேன். ஒரு டீக்கடைக்காரன் அதற்கு நல்ல விலை உண்டு என்றான். விற்கவில்லை. நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை.

வலி அவரை நன்றாகப் பிடித்தது. அதை விவரிக்க எனக்குத் தெரியாது. ஹெலினா பஞ்சைக் கடித்தாள், இவர் கட்டில் சட்டத்தைக் கடித்தார். தேக்கு இல்லை, வேம்பு, பல் பதிந்தது. நான் முதுகைத் தடவிக்கொடுப்பேன். "பொறுத்துக்கோங்க பாஸ்டர், ஒரு நோக்கம் இருக்கும்" என்பேன். கேலி செய்யவில்லை. அவர் சொல்லிக்கொடுத்ததைத்தான் சொன்னேன்.

இதில் நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. பாண்டியன் வந்து, பாஸ்டர் வேதனையில் முனகிக்கொண்டே பாடுவதைப் போனில் பிடித்துக்கொண்டு போனான். அது பூந்தமல்லி, நசரத்பேட்டை வரைக்கும் போனுக்குப் போன் பரவியது. ஞாயிற்றுக்கிழமை கொட்டகையில் இடம் இல்லை. வெளியே பந்தல் போட்டார்கள். யார் யாரோ வந்து கட்டிலைச் சுற்றி நின்று அழுதார்கள், குடிகாரன் ஒருத்தன் குடியை விட்டான். "பாத்தீங்களாண்ணே," என்றார் பாஸ்டர், மூச்சு வாங்கிக்கொண்டு, "இதுக்குத்தான்."

என் மாத்திரையால் அவருக்குச் சபை வளர்ந்தது. நான் எதற்காகச் செய்தேனோ அதற்கு நேரெதிராக நடந்தது. கோபம் வரவில்லை. இன்னும் கொஞ்சம் பொறுக்க வேண்டும் என்று நினைத்தேன்.

நாகவல்லிதான் குழம்பிப்போனாள். ஒவ்வொரு தடவை வரும்போதும் அளவைக் கூட்டினாள். பிறகு டாக்டரிடம் கேட்டுப் பெரிய மாத்திரையாகவே கொண்டுவந்தாள். ஜெயசீலி வேலைக்குப் போயிருந்தாள், என்னிடம்தான் கொடுத்தாள்.

"இன்னா தாத்தா இது, யானைக்குக் குடுக்கறத குடுத்தும் அடங்க மாட்டேங்குது. பத்திரமா பூட்டி வைங்க. இவரு ஒடம்பு பழகிக்கிச்சு, தாங்கும். பழகாத ஒடம்புல ஒன்னு போச்சுன்னா போதும், சுகமா தூங்குவாங்க, அப்படியே மூச்சு நின்னுபூடும். புரியுதா?"

"புரியுதும்மா" என்றேன். நீங்கள் அதைத்தான் கேட்கப் போகிறீர்கள் என்று தெரியும். எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை ஜெயசீலி ஆராதனைக்குப் போயிருந்தாள். கொட்டகை அடுத்த வாசல்தான், ஆர்மோனியமும் ட்ரம்ஸும் இங்கே கேட்கும். நான் பாஸ்டருக்குக் கால் துடைத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று என் கையைப் பிடித்தார்.

"செபாஸ்டியன்."

அண்ணே இல்லை. அதுதான் முதல் தடவை.

"ஒன்னும் இல்லய்யா."

"எது பாஸ்டர்?"

"ஒரு நோக்கமும் இல்ல. எதுக்கும் இல்ல. யாரும் பாத்துனு இல்ல. ஒம் பொண்டாட்டிக்கு நான் சொன்னது… எனக்கு இன்னா தெரியும்? எங்கப்பா சாவும்போது ஒரு சர்ச்சு ஐயரு அப்படித்தான் சொன்னாரு. அதையே சொன்னேன். போட்டுக்கன்னு சொல்லிருக்கணும். மாத்திரயப் போட்டுக்கம்மான்னு சொல்லிருக்கணும்." அழுதார். "இப்ப எனக்குக் குடு. எதுனா குடு."

கேட்டு முடித்ததும் நான் துணியைப் பிழிந்து கொடியில் போட்டேன். இவ்வளவு நாளாகக் காத்திருந்தது வந்துவிட்டது. தூக்கம் வரும் என்று நினைத்திருந்தேன். ஆனால் துணியைப் போடும்போதே ஒரு சந்தேகம் வந்துவிட்டது. உங்களுக்குத் தெரியாததா அம்மா. அடி தாங்காமல் ஒருத்தன் ஸ்டேஷனில் சொல்வதைக் கோர்ட்டில் ஒப்புக்கொள்வதில்லை என்கிறார்கள். வலியில் இருக்கிறவன் எதையும் சொல்வான். அந்த நேரத்தில் நான் கேட்டிருந்தால் பூமி சதுரம் என்றுகூடச் சொல்லியிருப்பார். இது அவர் சொன்னதா, வலி சொன்னதா? வலி இல்லாமல் சொன்னால்தான் செல்லும். அளந்து பார்க்காமல் நான் எதையும் எடுத்துக்கொண்டதில்லை.

ஆகவே டப்பாவில் நிஜ மாத்திரையைப் போட்டேன். நாகவல்லி கடைசியாகக் கொண்டுவந்த பெரியது. அவர் உடம்பு பழகியிருந்தது புளிப்பு மாத்திரைக்குத்தான்.

ஆராதனை முடிந்து ஜெயசீலி வந்தாள். தலையில் முக்காடு, கையில் யாரோ கொடுத்த சாத்துக்குடி. வழக்கமாக மாத்திரையை நான்தான் கொடுப்பேன். அன்றைக்கு, "நீயே குடுத்துடும்மா, எங்கை ஈரமா கீது" என்றேன். ஈரமாகத்தான் இருந்தது. துண்டு என் தோளில்தான் இருந்தது.

அவள் அவர் தலையைத் தன் கையில் தாங்கி, கண்ணை மூடி ஒரு சின்ன ஜெபம் செய்து, வாயில் போட்டுத் தண்ணீர் கொடுத்தாள். நான் கட்டில் ஓரத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. கைவிரல்கள் பிரிந்தன. எவ்வளவோ நாளைக்குப் பிறகு அவர் முகத்தை அவர் முகமாகப் பார்த்தேன். குனிந்து காதோரம் கேட்டேன்.

"பாஸ்டர், காலைல ஒன்னு சொன்னீங்களே. இப்ப சொல்லுங்க. இன்னா நோக்கம்?"

அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"பாத்தீங்களாண்ணே," என்றார். "கேட்டுட்டாரு. எம் முனகல கேட்டுட்டாரு. சொன்னேன்ல… எல்லாத்துக்கும்…"

அத்தோடு கண்ணை மூடிக்கொண்டார்.

ஜெயசீலி வாயைப் பொத்திக்கொண்டு சந்தோஷத்தில் அழுதாள். "எவ்ளோ நாளாச்சுண்ணே இப்படித் தூங்கி. பாருங்களேன், கொறட்டகூட வுடறாரு."

அது குறட்டை இல்லை. மூச்சு வந்து, நின்று, நினைத்துக்கொண்டாற்போல மறுபடி வந்தது. எனக்குத் தெரிந்தது. நாகவல்லியின் நம்பர் சுவரில் பென்சிலால் எழுதியிருந்தது. போன் ஜெயசீலி மடியில் இருந்தது. "எழுப்பவாண்ணே, கஞ்சி குடிக்கல" என்று ஒருதரம் கேட்டாள்.

"வோணாம்மா. தூங்கட்டும்."

மாலை வெளிச்சம் ஜன்னலில் இருக்கும்போதே நின்றுவிட்டது. அவள் சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தாள், கவனிக்கவில்லை. நானும் உரித்து முடிக்கட்டும் என்று இருந்தேன்.

கர்த்தர் இரக்கமாய் எடுத்துக்கொண்டார் என்று சபை முழுக்கச் சொன்னார்கள். நாகவல்லிதான் கண்ணைப் பிரித்துப் பார்த்தாள். டாக்டரிடம் சொன்னாள், அறுத்துப் பார்த்தார்கள், நீங்கள் ஜெயசீலியைக் கூப்பிட்டுவிட்டீர்கள். கடைசி மாத்திரை யார் கொடுத்தது என்றால் நான்தான் நான்தான் என்று அவளும் தலையில் அடித்துக்கொண்டு சொல்கிறாள். அவள் சொல்வது நிஜம், ஆனால் அவளுக்கு ஒன்றும் தெரியாது. மாத்திரையை மாற்றியது நான். திரும்ப வைத்தது நான். என்ன ஆகும் என்று தெரிந்து வைத்தேன். இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள் ரைட்டர் ஐயா, மேலே கீழே சேர்க்க வேண்டாம். கொலை என்று எழுத வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் கொடுமைக்காரன் என்று எழுதாதீர்கள். அந்த மனுஷன் வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் வலிக்கு அர்த்தம் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் உண்மை பேசினார். நன்றாக இருந்திருந்தால் பேசியிருப்பாரா? சில பேருக்கு அந்த அளவுக்குக் காய்ச்சினால்தான் கசடு நீங்கும். அவர் பட்டதில் ஒரு துளிகூட வீண் என்று நான் நினைக்கவில்லை. அவருக்காகத்தான் பட்டார்.

ஜெயசீலியை உள்ளே கூப்பிட்டு நீங்களே சொல்லுங்கள், நான் சொன்னால் இனி கேட்க மாட்டாள். தன் கையால் கொடுத்துவிட்டோமே என்று அடித்துக்கொள்கிறாளே, அது அவளைத் தெளிய வைக்கத்தான் வந்தது. இனிமேல் எந்த நோயாளியின் கையையும் பிடித்துக்கொண்டு பொறுத்துக்கோ என்று சொல்ல மாட்டாள் பாருங்கள். இப்போது அவளுக்குப் புரியாது, போகப் போகப் புரியும். அவள் நன்மைக்காக இல்லையென்றால், அம்மா, நான் ஏன் அவள் கையில் கொடுக்கப்போகிறேன்.